குரோனர் இன்னைக்கு எவ்வளவு

கண்ணைத் தொறக்கப்படாதும்மா, பத்து நிமிசத்துக்கு ஒருக்க வந்து சொட்டு விடுவேன், மூணு தடவை விட்டப்புறம் டாக்டர் கூப்பிடுவாருன்னு சொல்லிட்டு நர்சுப் பிள்ளை போயிட்டா. என் வீட்டுக்காரி நேவிசும் ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடி, மடியில பையை வச்சு, பைமேல ரெண்டு கையையும் வச்சு உக்காந்துட்டா, கோயில்ல நன்மை அப்பம் வாங்கிட்டு வந்து உக்காருவாளே, அந்த மாதிரி. எனக்கு இனி ஒரு வேலையும் இல்லை. தூத்துக்குடியில வெள்ளன ஆறு மணி பஸ்சைப் பிடிச்சு திருநெல்வேலிக்கு வந்து, சீட்டு எடுத்து, அவளை ஒரு இருட்டு ரூமுக்குள்ள கொண்டு உக்கார வச்சு, வெளிய கூட்டியாந்தாச்சு. உள்ள ஒரு பரீட்சை. புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியும், தெரியும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அமுக்குங்கன்னு சொன்னாவ. நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். டிக், டிக்னு சத்தம் வரும், அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒண்ணும் வராது. அந்த ஒண்ணும் வராத நேரம் இருக்கே, முப்பத்தோரு வருசம் கப்பல்ல கிடந்தவன் நான், நடுக்கடல்ல எஞ்சின் நின்னுபோச்சுன்னா வரும் ஒரு அமைதி, இது அதைவிட மோசம். அமுக்கு பிள்ளை, அமுக்கு, வெளிச்சம் வந்திருக்கும் அமுக்குன்னு நான் வெளிய நின்னு பெருவிரலை அமுக்குதேன், என்னமோ நான் அமுக்கினா அவளுக்கு மார்க்கு விழுற மாதிரி. அந்தப் பரீட்சைப் பேப்பர் இப்ப டாக்டர் மேசையில இருக்கு. வலது கண்ணு போன வருசமே பாதிக்கு மேல போச்சு. இடது கண்ணும் ஓரத்துல இருந்து சுருங்கிக்கிட்டு வருது. கண்ணுக்குள்ள நீர் அழுத்தம், போன பார்வை போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. இன்னைக்கு நான் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பனியைப் பாக்குற அளவுக்கு இவ கண்ணு இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கும்? இதை எப்படிக் கேக்கறது? ஏன்யா, சோறு பொங்கத் தெரியணும், படி இறங்கத் தெரியணும், அதைக் கேக்காம பனியைக் கேக்கியேன்னு அந்த மனுசன் சிரிக்கமாட்டாரா? சிரிச்சாச் சிரிக்கட்டும்.

கை தன்னால போனை எடுக்குது. இது ஒரு வியாதி, இதுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் சொட்டு மருந்து கிடையாது. நார்வே நாட்டு குரோனர் ஒண்ணுக்கு இந்திய ரூபா ஏழு எழுபத்தஞ்சு. நேத்து ஏழு எழுபத்தெட்டு. மூணு பைசா போச்சு. சவம். ஊர்ல மத்தவனெல்லாம் காலையில எந்திச்சு தங்கம் என்ன விலை, சீலா மீன் என்ன விலைன்னு கேப்பான், நான் குரோனர் என்ன விலைன்னு பாப்பேன். பதினோரு வருசமா ஒரு நாள் தப்புனதில்லை, பெரிய வெள்ளிக்கிழமைகூட பாத்திருக்கேன், மாதா மன்னிக்கணும். எல்லாம் அந்த ஆர்னே பண்ண வேலை. நார்வேக்காரன் கம்பெனி, ரசாயனம் ஏத்துற டேங்கர், அதுல நான் போசன், மேல்தட்டு ஆளுகளுக்கெல்லாம் மேஸ்திரின்னு வச்சுக்கிடுங்க. ஆர்னே கேப்டனுக்கு அடுத்த ஆபீசர், ஆறரை அடி உயரம், கோவம் வந்தா மூக்கு நுனி மட்டும் சிவக்கும். அவருதான் சொன்னாரு, கஸ்பார், சம்பளம் வாங்குன அன்னைக்கே அம்புட்டையும் வீட்டுக்கு அனுப்பிருத, உனக்குன்னு என்ன வச்சிருக்க? கம்பெனி தன் ஷேரை நம்ம ஆளுகளுக்குக் குறைச்ச விலைக்குத் தருது, மாசா மாசம் கொஞ்சம் பிடிச்சுக்கச் சொல்லு, வயசானப்புறம் வருசத்துக்கு ஒருக்க லாபத்துல பங்கு வரும்னு. எனக்கு மனசே இல்லை. எங்க ஆளுகளுக்கு வீட்டுக்கு வந்து சேந்தாத்தான் அது காசு. கடல்ல இருக்கிற வரைக்கும் அது டாலரோ குரோனரோ, வெறும் காயிதம். அது பேங்குல மாறி, ரூபாயாகி, வீட்டுக்காரி கையில போய் விழுந்து, அவ ஒரு தடவை எண்ணிப் பாத்தாத்தான் சம்பளம். எந்தத் துறைமுகத்துல இறங்கினாலும் எங்காளு போனைப் போட்டு, புள்ளை எப்படி இருக்குன்னு கேக்கறதுக்கு முந்தி டாலர் எவ்வளவுடேன்னு கேப்பான். முப்பது பைசா ஏறட்டும்னு ரெண்டு நாள் பொறுத்து அனுப்பினவன் அந்தப் பெருமையை ஒரு மாசம் பேசுவான். நானும் பேசியிருக்கேன். சரி, ஆபீசர் சொல்லுதாரேன்னு ஆர்னே சொன்ன பேப்பர்ல கையெழுத்துப் போட்டேன், போட்டுட்டு மறந்தும் போனேன்.

பக்கத்துல நேவிஸ் மூக்கை உறிஞ்சுதா. மருந்து மூக்கு வழியா இறங்குது போல. துடைச்சு விடட்டுமான்னா வேண்டாம்னு தலையை ஆட்டுதா. இந்தப் பேரை அவளுக்கு வச்சது அவ அப்பா, பனிமய மாதா திருவிழாவுக்குக் கொடியேறின மறுநாள் பிறந்தவ. எங்க ஊர்ல தெருவுக்கு நாலு நேவிஸ் இருப்பாளுக, என்ன அர்த்தம்னு ஒருத்திக்கும் தெரியாது. கப்பல்ல ஒரு பிரேசில்காரன் சமைக்க இருந்தான், போர்ச்சுகீசு பேசுறவன், அவன்தான் வீட்டுக்காரி பேரைக் கேட்டுட்டு, அது பனிதானப்பா, மேல இருந்து விழுதே அந்தப் பனின்னான். அன்னைக்கே போனைப் போட்டு இவகிட்டச் சொன்னேன். அதுக்கு இவ சொல்லுதா, அப்ப என் பேரை நானே பாத்ததில்லையான்னு. தூத்துக்குடியில என்ன பனி? மார்கழியில விடியக்காலம் உப்பளத்துமேல கொஞ்சம் புகை மாதிரி நிக்கும், அதுக்கே நம்மாளு மப்ளரைச் சுத்திக்கிட்டு இருமுவான். சின்னப் பிள்ளையில இவ அப்பா அளத்துக்குக் கூட்டிட்டுப் போய் உப்பு அம்பாரத்தைக் காட்டி, பனின்னா இப்படித்தான் இருக்கும், ஆனா கரிக்காதுன்னு சொல்லுவாராம். இவ அதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டா. திருவிழாவுல சாமியாரு பிரசங்கம் வைப்பாரு, ரோமாபுரியில நல்ல வெயில் காலத்துல மாதா பனி பெய்ய வச்சாங்கன்னு, எல்லாரும் விசிறிக்கிட்டே கேப்பாங்க, இவ மட்டும் அவரு வாயைப் பாத்துக்கிட்டே இருப்பா. நான் என்னடான்னா அந்தப் பனியை மண்வெட்டி வச்சு வாரி வாரிக் கடல்ல கொட்டிக்கிட்டு இருந்தேன். தளத்துல ஐசு கட்டிரும், மரச் சுத்தியலால அடிச்சுப் பேத்தெடுக்கணும், விரல் மரத்துப் போகும், வாயில வராத கெட்ட வார்த்தை இல்லை. இவ ஏங்குற சாமானை நான் ஏசிக்கிட்டே தள்ளியிருக்கேன்.

ஒரு தடவை கொண்டாந்தேன். டிராம்சோன்னு நார்வேக்கு வடக்க ஒரு ஊர், ஆர்னேக்கும் அதுதான் சொந்த ஊர், அங்க கப்பல்ல இருந்து இறங்கி ஊருக்கு வரும்போது பெரிய பிளாஸ்க் ஒண்ணு வாங்கி, வாய் வரைக்கும் பனியை அமுக்கி அமுக்கி அடைச்சு, மூணு பிளேன் மாறி, ஒரு ராத்திரி ரயில்ல வந்து, மூணாம் நாள் வீட்டுல வச்சேன். இவ பக்கத்து வீட்டுக்காரிகளை எல்லாம் கூப்பிட்டுட்டா. மூடியைத் தொறந்தா தண்ணி. தண்ணியைச் சுமந்துட்டு வந்திருக்கிய அண்ணாச்சின்னு ஒருத்தி சிரிக்கா. எனக்கு மானமே போச்சு. இவ ஒரு விரலை உள்ள விட்டுப் பாத்துட்டு, இன்னும் குளிருதுங்கன்னா. எங்க குளிருது? வெதுவெதுன்னு இருந்துச்சு அது. பொய் சொன்னா. அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல ஊத்தி மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சா, இன்னமும் இருக்கு, வத்தி வத்தி ஒரு விரக்கடை இருக்கும். அன்னைக்குத்தான் வாயை விட்டேன், ரிட்டயர் ஆனதும் உன்னைக் கூட்டிட்டுப் போய் நேர்ல காட்டுதேன் பிள்ளைன்னு. சரின்னு சொன்னா. அந்தச் சரியோட இந்த மனுசி பத்தொன்பது வருசம் இருந்திருக்கா.

ரெண்டாவது சொட்டு. நர்சுப் பிள்ளை இமையைத் தூக்கி விடுதா, இவ தோள் ஒரு குலுங்கு குலுங்குது, எரியும்மா கொஞ்சம் பொறுத்துக்கோங்கங்குதா. ரிட்டயர் ஆன வருசம் முதல் டிவிடெண்ட், அதான் அந்த லாபப் பங்கு, வந்துச்சு. அங்க உள்ள வரி போக பன்னெண்டாயிரம் குரோனர். அப்ப குரோனர் பத்து ரூபா. ஒரு லட்சத்து இருபதாயிரம்! சும்மா உக்காந்திருக்கவனுக்கு! ஆனா நான் யாரு, டாலர் ஏறட்டும்னு காத்துக் கிடந்து பழகினவன், பத்தே கால் வரட்டும் அனுப்பச் சொல்லுவோம்னு விட்டேன். அது ஒன்பதரைக்கு இறங்குச்சு. சரி மறுபடி பத்தாகட்டும்னு விட்டேன். ஒன்பது. எட்டரை. ஆடிட்டர்கிட்டப் போய்க் கேட்டேன், கப்பல்ல இருந்தப்ப சம்பாதிச்சு வாங்கினதுதான அண்ணாச்சி, அங்கயே வச்சுக்கிடலாம், இங்க வரிக் கணக்குல மட்டும் வருசம் தவறாமக் காட்டிருங்கன்னாரு. அங்கயே வச்சுக்கிடலாம்னு சொன்னது என் காதுல, ரேட்டு ஏறுற வரைக்கும் வச்சுக்கிடலாம்னுதான் விழுந்துச்சு. இதுல ஒரு கூத்து என்னன்னா, கம்பெனிக்காரன் கூட்டிக் கூட்டித்தான் கொடுக்கான். பன்னெண்டாயிரம் போட்டவன் பதிநாலாயிரம் போட்டான், இந்த மே மாசம் பதினஞ்சாயிரத்து ஐநூறு போட்டிருக்கான். ஏழே முக்காலால பெருக்கிப் பாருங்க, அதே ஒரு லட்சத்து இருபதாயிரம்! அவன் கூட்டுததை இது கழிச்சுருது. ஓடுற பெல்ட்டுமேல நடக்கவன் மாதிரி நான் நின்ன இடத்துலயே நிக்கேன். இது வரைக்கும் சேந்து கிடக்கது ஒன்றரை லட்சம் குரோனர். இன்னைக்கு மாத்தினா பதினோரு லட்சத்து அறுபத்திரெண்டாயிரத்து ஐநூறு. பத்து ரூபா ஆச்சுன்னா பதினஞ்சு லட்சம். நடுவுல மூணு லட்சத்து முப்பத்தேழாயிரத்து ஐநூறை அம்போன்னு விட எந்தக் கோட்டிக்காரனுக்கு மனசு வரும்? பத்து ஆகட்டும், பதினஞ்சு லட்சத்தை முழுசா இங்கன கொண்டாருவோம், ரெண்டு பேருக்கு டிக்கெட், கோட்டு, பூட்சு, மிச்சத்தை மறுபடி குரோனரா மாத்திக் கையில எடுத்துட்டுப் போவோம், இதுதான் என் திட்டம். அங்க விலைவாசியும் கொஞ்சமா? ஒரு காப்பி ஐம்பது குரோனர், முன்னூத்தி எண்பத்தேழரை ரூபா. ஒரு நாள் தங்க ஆயிரத்து ஐநூறு குரோனர், பதினோராயிரத்து அறுநூத்திச் சொச்சம். தங்க வேண்டாம் என் வீட்டுக்கு வான்னுதான் ஆர்னே வருசா வருசம் கிறிஸ்மஸ் கார்டு போடுதாரு. கார்டுல வீடு, வீட்டு மேல பனி, உள்ள மூணு வார்த்தை, எப்போ வர்றீங்க கஸ்பார். போன கார்டுல எழுத்து நடுங்கியிருந்துச்சு. பதிலுக்கு நான், அடுத்த வருசம், குரோனர் ஏறட்டும்னு எழுதினேன். குரோனர் ஏறட்டும்னு ஒரு நார்வேக்காரனுக்கே எழுதுதேன், அவரு என்ன நினைச்சிருப்பாரோ.

அப்படிப் பைசாவைப் பாத்துக்கிட்டே இருந்தவன் இவளைப் பாக்கலை. அதுதான் நெஞ்சுல கிடந்து அறுக்குது. ரெண்டு வருசத்துக்கு முந்தி கதவு நிலையில தோளை இடிச்சா. ஒரு நாள் இல்ல, தினமும். பாத்துப் போளான்னேன். சோத்துத் தட்டுல வலது பக்கம் வச்ச கருவாடு அப்படியே கிடக்கும், பிடிக்கலையான்னு கேட்டா, எங்க வச்சியன்னு கேப்பா. ஒரு ஞாயித்துக்கிழமை அடுப்புல இருந்து மீன் சட்டியை இறக்கி வைக்கேன்னு மேடைக்கு வெளிய வச்சுட்டா. அம்புட்டுக் குழம்பும் தரையில. நான் என்ன சொன்னேன்? கூறு கெட்ட மூதி, கண்ணு என்ன பொடதியிலயா இருக்குன்னு கேட்டேன். கேட்ட வாய் அவியணும். இவ உக்காந்து துடைச்சா, துடைக்கும்போதும் ஒரு பக்கத்தை விட்டுட்டே துடைச்சா. அதையும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன், பாத்தும் எனக்குத் தோணலை, கையில போனு, குரோனர் அன்னைக்கு எட்டு நாலோ எட்டு ஆறோ. எட்டு நாலா, ஆறா? இதுல எனக்கு இப்ப என்ன சந்தேகம்? எட்டு ஆறுதான். அது ஞாபகம் இருக்கு. இவ அன்னைக்கு என்ன சேலை கட்டியிருந்தான்னு ஞாபகம் இல்லை. பாஸ்போர்ட் எடுத்து ஒன்பது வருசம் ஆச்சு இவளுக்கு, ஒரு முத்திரைகூட விழலை, பீரோவுல பட்டுச் சேலைக்கு நடுவுல பாச்சை உருண்டை வாசத்தோட கிடக்கு. அந்தப் போட்டோவுல ரெண்டு கண்ணும் எப்படி இருக்கும் தெரியுமா, கேமராக்காரனையே முழுங்குற மாதிரி பாத்துக்கிட்டு. அடியம்மா. அந்தக் கண்ணை நான் இப்பப் பாக்கணும்போல இருக்கு, பக்கத்துலயே உக்காந்திருக்கா, மூடி வச்சிருக்கா.

"என்னங்க, குரோனர் இன்னைக்கு எவ்வளவு?"

கண்ணைத் தொறக்காமலே கேக்கா. தினமும் கேப்பா, காப்பி குடிச்சியளாங்கிற மாதிரி.

"ஏழே முக்கால். மூணு பைசா இறங்கிருச்சு."

"ஏறுமா?"

"ஏறும்னுதான் சொல்லுதான்."

"பதினோரு வருசமா அவனும் சொல்லுதான்." சிரிக்கா. அப்புறம் பையோட வாரைத் திருகிக்கிட்டே இருந்தா. "நான் ஒண்ணு கேப்பேன், ஏசப்படாது."

"கேளு. ஏசலை."

"அந்தப் பணம் இப்ப எங்க இருக்கு?"

"நார்வேயில. அங்க கணக்குல."

"பனி எங்க இருக்கு?"

"என்ன பிள்ளை கேள்வி இது? அதுவும் அங்கதான்."

"ரெண்டும் அங்கதான இருக்கு. பின்ன எதுக்கு அதை இங்கன கொண்டாந்து, ரூபாயா மாத்தி, மறுபடியும் குரோனரா மாத்தி அங்கன கொண்டுபோகணும்னு நிக்கிய? டிக்கெட்டைக்கூட அந்த ஆர்னேயே அந்தக் காசுல எடுத்து அனுப்பமாட்டாரா?"

கையில இருந்த போனை மடியில கவுத்தி வச்சேன்.

"இதை ஏன் முதல்லயே கேக்கலை நீ?"

"நீங்க ஊரு உலகம் சுத்துனவுக, கணக்கு உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன்." அப்புறம் மெதுவா, "கூட்டிட்டுப் போக மனசில்லை, அதுக்குத்தான் குரோனரைச் சாக்குச் சொல்லுதிய போலன்னும் நினைச்சேன். சரி, போட்டும்னு விட்டுட்டேன்."

ஐயோ மாதாவே. மனசில்லைன்னு. மனசில்லைன்னு நினைச்சுக்கிட்டா இத்தனை வருசம் தினமும் காலையில குரோனர் எவ்வளவுன்னு கேட்டா? கேட்டு, இறங்கிருச்சுன்னு நான் சொல்லும்போதெல்லாம் அப்ப இவளுக்கு என்னவா விழுந்திருக்கும்? இன்னைக்கும் உன்னைக் கூட்டிட்டுப் போக மாட்டேன்னு நான் தினமும் ஒருக்கச் சொன்ன மாதிரியில்ல விழுந்திருக்கும். கணக்கைப் போட்டுப் பாக்கேன், இப்பத்தான் முதல் தடவையாப் போட்டுப் பாக்கேன். காப்பி அன்னைக்கும் நாப்பது ஐம்பது குரோனர்தான், இன்னைக்கும் ஐம்பதுதான். குரோனர் பத்து ரூபாயா ஏறினா என் பணம் மட்டுமா ஏறும், அந்தக் காப்பியும் ஐநூறு ரூபாயா ஏறும், ரூமும் ஏறும், எல்லாம் சேந்துதான் ஏறும், அங்க போய்ச் செலவு பண்ணுறவனுக்கு ஏறினா என்ன இறங்கினா என்ன? நான் அழுத அந்த மூணு லட்சத்துச் சொச்சம் எங்கயும் தொலையலை, அது இங்க கொண்டாந்தாத்தான் தொலையும். இங்கயே சோறு தின்னுறவனுக்கு அது நட்டம். பனி பாக்கப் போறவனுக்கு அது ஒண்ணுமே இல்லை. அந்த ஆர்னே கம்பெனி பன்னெண்டு போட்டு, பதிநாலு போட்டு, பதினஞ்சரை போட்டு, வருசா வருசம் வா வான்னு கூட்டிக் கூட்டிக் கொடுத்திருக்கான், நான் ரூபாயில பெருக்கி நின்ன இடத்துலயே நிக்கேன்னு நின்னுருக்கேன். நாலு வருசத்துப் பங்கு சேந்த உடனே போயிருக்கலாம். ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வந்து, மறுபடியும் போயிருக்கலாம். அப்ப இவளுக்கு ரெண்டு கண்ணும் முழுசா இருந்துச்சு. வீட்டுக்கு அனுப்பி அனுப்பியே பழகின புத்தி, வீட்டுக்கு வராத காசு காசில்லைன்னு ஒரு புத்தி, கோட்டிப் புத்தி. இவளுக்கு நான் என்ன சொல்ல? மனசிருந்துச்சு பிள்ளை, மனசு நிறைய இருந்துச்சு, கணக்குத்தான் தெரியலைன்னா நம்புவாளா? முப்பத்தோரு வருசம் தூத்துக்குடிக்கும் உலகத்துக்கும் காசை மாத்திக்கிட்டே கிடந்தவனுக்குக் கணக்குத் தெரியலைன்னா யாரு நம்புவா?

"மனசிருந்துச்சு நேவிஸ்," அப்படின்னேன். "எனக்குத் தோணலை. சத்தியமாத் தோணலை."

அவ ஒரு கையைப் பையில இருந்து எடுத்துத் தடவி என் முட்டியைப் பிடிச்சா. "தெரியுது," அப்படின்னா. "இப்ப உங்க தொண்டையைக் கேட்டாத் தெரியுது."

மூணாவது சொட்டு விட வந்த நர்சுப் பிள்ளை, சார் நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க, உங்களுக்கும் விட்டுட்டாங்களாங்குதா. ஆமாம்மா, தெரியாம எனக்கும் விட்டுட்டாவன்னேன். போனை மறுபடி எடுத்தேன், பழக்கத்துல விரல் அந்த ரேட்டுப் பக்கத்துக்கே போச்சு, இழுத்துக்கிட்டு வந்து ஆர்னேக்கு எழுதினேன். வாரோம். நானும் நேவிசும். என் கணக்குல கிடக்கிற பணத்துல டிக்கெட் எடுக்கணும், என்ன செய்யணும்னு சொல்லுங்க. பனி எப்ப விழத் தொடங்கும்? அனுப்பிட்டு நிமிர்றதுக்குள்ள டாக்டர் கூப்பிட்டாரு.

அந்தப் பேப்பரை விளக்குக்கு நேர பிடிச்சுக் காட்டினாரு. ஓரமெல்லாம் கறுப்பு. நடுவுல ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வெளுப்பு. அதுதான் இவளுக்கு இருக்கிற உலகம். எத்தனை நாள் டாக்டர்னு கேட்டேன். அதை யாராலயும் சொல்ல முடியாது சார், மருந்தை ஒரு வேளைகூட விடக்கூடாது, நடுப்பார்வை பல வருசம் நிக்கிறவங்களும் இருக்காங்க, நிக்காதவங்களும் இருக்காங்கன்னாரு. பனியைப் பத்திக் கேட்டேன், கேட்டே விட்டேன். அவரு சிரிக்கலை. போறதா இருந்தா அடுத்த வருசம்னு தள்ளாதீங்க, அவ்வளவுதான் சொல்லுவேன்னாரு. இவ குறுக்க, "பனி ஓரத்துல மட்டுமா விழும்? நடுவுலயும் விழும்ல டாக்டர்?" அப்படின்னா. அதுக்கு அவரு சிரிச்சாரு.

வெளிய வந்தா மணி பதினொண்ணு, திருநெல்வேலி வெயில் தார் ரோட்டுல நின்னு எரியுது. மருந்து விட்ட கண்ணைக் கொஞ்சமாத் தொறந்தவ, "ஆத்தாடி, எல்லாம் வெள்ளையா அடிக்குதே, பனி இப்படித்தான் இருக்குமா?" அப்படின்னு கேட்டு என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டா. "இது வெறும் வெயில். இதைப் பாத்துப் பழகாத," அப்படின்னு குடையை விரிச்சு அவ முகத்துக்கு நேர சாய்ச்சுப் பிடிச்சேன். போன் கூவுச்சு. ஆர்னே. மூணு வார்த்தைக்கு மேல எழுதாத மனுசன் நாலு வரி எழுதியிருக்காரு. அக்டோபர் கடைசியில விழ ஆரம்பிச்சிரும், நவம்பர் பாதிக்கு மேல இங்க சூரியனே வராது, அதனால வெளிச்சம் இருக்கும்போதே வாங்க, மாடி ரூமைப் பெருக்கச் சொல்லிட்டேன்னு. இப்ப செப்டம்பர் பன்னெண்டு. வாசிச்சுக் காட்டினேன். குடைக்குள்ள இவ முகம் தெரியலை. கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் பழக்கந்தான, வேற என்ன, கேக்கா.

"குரோனர் இப்ப எவ்வளவு? ஏறியிருக்கா பாருங்களேன்."

கை சட்டைப் பைக்குப் போச்சு. போனைத் தொடாமலே கையை வெளிய எடுத்துட்டேன்.

"ஒரு குரோனர்," அப்படின்னேன்.

"என்னது?"

"ஒரு குரோனர் ஒரு குரோனர்தான் பிள்ளை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை."

அவ என் சட்டையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சா. முன்னால நடைபாதை முடியுது. மூணு படி இருக்குன்னேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வாய்விட்டு எண்ணிக்கிட்டே இறங்கினா.